தரும வைத்தியசாலைகளும் அவற்றின் மேற்பார்வையும்

எரிகோவுக்குச் செல்லும் வழியிலே கள்ளர் கையிற் பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு உதவிய சமாரியனின் கதையை நம் கல்லூரியில் அறியாதார் இலர். அவன் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததையும், தன் வாகனத்தின்மேல் ஏற்றிச் சென்றதையும், சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்ததையும் சிறுவரும் சொல்வர். ஆயின் அவன் புறப்படுங்கால் கூறிய ஒன்றை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். மேற்கொண்டு ஆகுஞ் செலவைத் தான் திரும்பி வரும்போது தீர்ப்பதாகச் சொல்லிச் சென்றான். பணம் வந்து சேரும் என்னும் உறுதி சத்திரக்காரனுக்கு அச்சொல்லிற் கிடைத்தது. கொடுத்தவன் மீண்டும் வந்து நோயாளியைப் பார்ப்பான் என்னும் செய்தியும் அதிலேயே அடங்கியிருந்தது. தருமம் என்பது கொடுத்தலோடு முடிவதன்று, திரும்பி வந்து பார்த்தலும் அதன் பகுதியே என்பதை ஒரு சரித்திர உதாரணத்தால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மேற்பார்வை ஏன் வேண்டும்?

கடைத்தெருவில் அரிசி வாங்குவோன் அது புழுத்திருந்தால் மறுநாளே கடைக்காரனிடம் சென்று வழக்காடுவான். பணங் கொடுப்பவனும் சோறு உண்பவனும் அங்கே ஒருவனே. தரும வைத்தியசாலையிலும் அநாதை இல்லத்திலும் முதியோர் இல்லத்திலும் நிலைமை வேறு. பணம் தருபவர் எங்கோ இருக்கின்றார். அதன் பயனை நுகரவேண்டியவர் வேறொருவர். தருபவர் உண்பதில்லை, உண்பவர் குறை சொல்ல வல்லவரல்லர். நோய், முதுமை, வறுமை, அறிவு மயக்கம் என்பவற்றுள் ஒன்றேனும் அவர் வாயை அடைத்துவிடுகின்றது. இவ்விருவர்க்கும் நடுவே நின்று திறவுகோலையும் கணக்கேட்டையும் கையில் வைத்திருப்பவர் நிருவாகத்தார். அவர் நல்லவராயினும், தம்மை வந்து பார்ப்பார் எவரும் இலர் என்னும் நிலை நெடுங்காலம் நீடிக்குமாயின் சோர்வு புகும். சோர்வின் பின்னே கொடுமையும் புகும். இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க் நகரத்தில் நிகழ்ந்ததை நோக்குவார்க்கு இவ்வுண்மை தெளிவாகும்.

2. யார்க் நகரத்துச் சாலை

யார்க் நகரத்து மனநோயர் சாலை பொதுமக்கள் மனமுவந்து கொடுத்த நன்கொடையால் எழுப்பப்பட்டு 1777-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பெயர் பெற்ற சிற்பியாகிய ஜான் கார் என்பவர் அதன் கட்டடத்தை அமைத்தார். பிரபுக்களும் குருமாரும் அதன் தருமகர்த்தர்களாய் இருந்தனர். குறிப்பிட்ட தொகையை நன்கொடையாக அளிப்பவர் எவரும் தருமகர்த்தராகலாம் என்பது விதி. ஏழை மனநோயர்க்கு இடமளிப்பதே அதன் முதல் நோக்கம். தோற்றுவித்தோரின் கருத்தில் குற்றங் காண்டற்கு இடமில்லை.

குற்றம் புகுந்த வழி இது. ஏழைகளைத் தாங்குவதற்குப் பணம் வேண்டுமென்று செல்வரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். செல்வர் தரும் கட்டணத்தில் வைத்தியருக்குப் பங்கு உண்டாயிற்று. நெடுங்காலம் வைத்தியர் ஒருவரே அங்கே அதிகாரம் செலுத்திவந்தார். அவருடைய செயலை ஒத்துப் பார்க்க வேறு வைத்தியர் இலர். தருமகர்த்தர்கள் குறித்த காலங்களிற் கூடி, தமக்கு வாசிக்கப்பட்ட அறிக்கையைக் கேட்டு, வந்தனங் கூறிக் கலைந்தனர். கூட்டம் நடைபெற்றது உண்மை, மேற்பார்வைதான் நடைபெறவில்லை.

3. ஒரு விதவையின் மரணம்

1790-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹன்னா மில்ஸ் என்னும் விதவை அங்கே சேர்க்கப்பட்டாள். அவள் குவேக்கர் எனப்படும் நண்பர் சபையைச் சேர்ந்தவள். அவளுடைய உறவினர் தொலைவில் வாழ்ந்தமையால், யார்க் நகரத்திலிருந்த சபையார் அவளைச் சென்று பார்க்குமாறு வேண்டிக்கொண்டனர். சென்றவர்க்கு அநுமதி மறுக்கப்பட்டது. ஏப்பிரல் மாத இறுதியில் அவள் இறந்தாள் என்னும் செய்தியே வந்தது. உள்ளே அவளுக்கு நேர்ந்தது யாது என்பதை அறிந்தவர் வெளியே எவரும் இலர்.

இந்நிகழ்ச்சி வில்லியம் டியூக் என்னும் வணிகர் மனத்தைத் தைத்தது. தேயிலையும் காப்பியும் விற்று வாழ்ந்த அவர் வைத்தியரல்லர். எனினும் தம் சபையாரைத் தூண்டி, 1796-ஆம் ஆண்டில் ரிட்ரீட் என்னும் இல்லத்தை அந்நகரத்தின் அருகே திறப்பித்தார். அங்கே சங்கிலியால் பிணித்தல் இல்லை, அடித்தல் இல்லை. ஜார்ஜ் ஜெப்சன் என்பவர் மேலாளராயமர்ந்து அன்பினாலும் ஒழுங்கினாலும் நோயாளரை நடத்திவந்தார். தோட்ட வேலை, தையல், உலாவல், விருந்தினருடன் தேநீர் அருந்துதல் முதலியன அங்கே மருந்தாயின. டியூக்கின் பேரராகிய சாமுவேல் டியூக் 1813-இல் அவ்வில்லத்தின் வரலாற்றை ஒரு நூலாக வெளியிட்டார்.

அந்நூல் யார்க் சாலையைப் பழித்துரைக்கவில்லை. ஆயினும் அதனைப் படித்தவர்க்கு, ஒரே நகரத்தில் ஒரே நோய்க்கு இருவகை நடத்தை இருப்பது விளங்கிற்று. சாலையின் வைத்தியராகிய பெஸ்ட் என்பவர் அதனைத் தம்மேல் வைத்த குற்றமாகக் கொண்டு சினந்தார். செய்தித்தாள்களில் வாதம் மூண்டது.

4. ஒரு மாஜிஸ்திரேட்டின் ஐயம்

அவ்வாண்டிலேயே காட்ஃப்ரி ஹிக்கின்ஸ் என்னும் மாஜிஸ்திரேட்டின் முன்னிலையில் ஒரு வழக்கு வந்தது. வில்லியம் விக்கர்ஸ் என்னும் ஏழை, மனமயக்கத்தால் ஒருத்தியைத் தாக்கினான் என்று கொண்டுவரப்பட்டான். ஹிக்கின்ஸ் அவனை யார்க் சாலைக்கு அனுப்பினார். அவன் வெளிவந்தபின் அவன் மனைவி மாஜிஸ்திரேட்டினிடம் வந்து, தன் கணவனுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைச் சொல்லி அழுதாள். பரிசோதித்ததில், அவன் உடம்பெங்கும் பேன் பற்றியிருந்ததும், முதுகில் கசையடித் தழும்பு இருந்ததும் வெளியாயின.

அவனை அங்கே அனுப்பிய கையெழுத்து ஹிக்கின்ஸினுடையது. ஆதலின் அவர் அதனைப் பிறர் காரியமென்று விட்டுவிடவில்லை. செய்தியைப் பத்திரிகைகளில் வெளியிட்டார். டிசம்பர் மாதத் தொடக்கத்தில் தருமகர்த்தர்கள் ஆர்ச்பிஷப்பின் தலைமையிற் கூடி, குற்றஞ்சாட்டப்பட்ட பணியாட்களை அழைத்து வினவினர். அவர்கள் இல்லையென்று மறுத்தனர். அவ்வளவே! விக்கர்ஸ் மிகுந்த அன்போடு நடத்தப்பட்டான் என்று தருமகர்த்தர்கள் தீர்மானஞ் செய்து முடித்தனர். குற்றஞ்சாட்டப்பட்டவரின் மறுப்பே தீர்ப்பாயிற்று.

அப்பொழுது ஹிக்கின்ஸ் சாலையின் விதியையே துணையாகக் கொண்டார். 20 பவுன் நன்கொடை அளிப்பவர் தருமகர்த்தராகலாம் அன்றோ? அடுத்த கூட்டத்தில் அவருடன் வந்த பன்னிருவருக்கு மேற்பட்ட கனவான்கள் தலைக்கு 20 பவுனை மேசைமேல் வைத்துத் தருமகர்த்தரானார்கள். புதியவர் வாக்கினால் ஒரு விசாரணைக் குழு ஏற்பட்டது. சில நாட்களில், டிசம்பர் 28-ஆம் நாள், சாலையில் தீப்பற்றியது. கிறிஸ்துமஸ் காலமாதலால் உள்ளே இருந்த பணியாட்கள் சிலரே. நோயாளர் நால்வர் உயிரிழந்தனர். தீயின் காரணம் இன்னதென்று நாட்டப்படவில்லை.

5. பூட்டிய கதவு

1814-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், ஒரு நாட்காலையில், ஹிக்கின்ஸ் முன்னறிவிப்பின்றிச் சாலைக்குட் சென்றார். முன்பு விசாரணைக் குழுவினருக்குக் காட்டப்பட்ட அறைகள் தூயனவாய் இருந்தன. இம்முறை அவர் சமையற்கட்டின் பக்கத்தே மறைவாயிருந்த ஒரு கதவைச் சுட்டி, திறக்கச் சொன்னார். திறவுகோல் அகப்படவில்லை என்றனர். அடுப்பங்கரையிலுள்ள இரும்புக் கோலைக் கொண்டு தாமே திறப்பதாக அவர் கூறவே, திறவுகோல் உடனே அகப்பட்டது!

கதவுக்குப் பின்னே ஏறத்தாழ எட்டடிச் சதுரமான நான்கு சிற்றறைகள் இருந்தன. வைக்கோல் சிறுநீரால் நனைந்திருந்தது. சுவரெங்கும் மலம் பூசப்பட்டிருந்தது. காற்று வரும் துளைகளும் பெரும்பாலும் அடைபட்டிருந்தன. இரவில் அங்கே உறங்குபவர் யாவர் என்று கேட்டு, அவர்களைக் காட்டுமாறு பணித்தார். மாடியில் ஓர் அறைக்கு அழைத்துச் சென்றனர். 12 அடி நீளமும் 7 அடி 10 அங்குல அகலமுமான அவ்வறையில் 13 பெண்கள் இருந்தனர். மாணாக்கர் கணக்கிட்டுப் பார்க்கலாம்: அறை முழுதும் 94 சதுர அடி, ஒருத்திக்கு 7 சதுர அடிக்குச் சற்றே மேல். ஹிக்கின்ஸ் அங்கே நிற்கமாட்டாது வெளியே வந்து வாந்தியெடுத்தார். பிற்காலத்தில் பார்லிமெண்டுக் குழுவின் முன் இவற்றையெல்லாம் தம் வாயாலேயே சாட்சி கூறினார்.

அந்த அறைகள் புதிதாய்த் தோன்றியவையல்ல. சாலையின் தருமகர்த்தர் பலர் பன்முறை அவ்வீட்டுக்குள் வந்து போயினர். அவர்கள் காட்டியதைக் கண்டனர், காட்டாததைக் கேட்கவில்லை.

6. கணக்கேடுகள்

பூட்டிய அறை கண்ணுக்குத் தெரிந்த குற்றம். அதனினும் நுண்ணிய குற்றம் ஏட்டில் மறைந்திருந்தது. சாலை திறந்த நாள்முதல் இறந்தவராகப் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டவர் 221 பேர். பதிவுகளை ஒத்துப் பார்த்தபோது இறந்தவர் 365 பேர் என்று வெளியாயிற்று. எஞ்சிய 144 பேரின் மரணம் ஆண்டறிக்கைகளில் இடம்பெறவில்லை. ஆண்டுதோறும் அறிக்கையைப் படித்து மகிழ்ந்து சந்தா அனுப்பிய நல்லோர், உண்மையில் ஒரு கட்டுக்கதைக்கே பொருளுதவி செய்துவந்தனர்.

மேற்பார்வையில் இதனினும் எளிய பரிசோதனை வேறில்லை. உள்ளே வந்தவர் எத்தனை பேர்? இன்று இருப்பவர் எத்தனை பேர்? குணமடைந்து சென்றவர், இறந்தவர் எத்தனை பேர்? பின்னவை மூன்றையும் கூட்டினால் முன்னது வரவேண்டும். வரவில்லையாயின், விடுபட்ட எண் ஒவ்வொன்றும் ஒரு மனிதன். இக்கூட்டலைச் செய்தற்கு வைத்திய அறிவு வேண்டா. துணிவும் பொறுமையுமே வேண்டும்.

1814-ஆம் ஆண்டிலேயே புதிய தருமகர்த்தர்கள் பழைய பணியாட்களை விலக்கினர். வைத்தியர் பதவியை விட்டு நீங்கினார். சாலை புது ஒழுங்கு பெற்றது.

7. பழகிய கண் குருடாதல்

யார்க்கில் நிகழ்ந்தது ஒரு வைத்தியரின் தீமை என்று கருதினால் நாம் பிழைபடுவோம். அதே 1814-ஆம் ஆண்டில் எட்வர்டு வேக்ஃபீல்டு என்பவரும் அவருடைய நண்பர்களும் இலண்டன் மாநகரத்துப் பெத்லெம் வைத்தியசாலைக்குச் சென்றனர். அங்கே ஜேம்ஸ் நாரிஸ் என்னும் நோயாளி கழுத்திலும் உடம்பிலும் இரும்பு பூட்டப்பட்டு, சுவரருகே நின்ற இருப்புக்கோலிற் பிணிக்கப்பட்டிருந்தார். பத்தாண்டுக் காலமாக அவர் நிலைமை அதுவே. இங்கே மறைத்தல் என்னும் குற்றமுமில்லை. அவ்விரும்புப் பூட்டு வைத்தியசாலையின் நிருவாகக் குழுவே முன்னர் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. நாரிஸ் கொடுமை செய்யக்கூடியவர் என்பது காரணம். காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அவ்விரும்பை மறுமுறை ஆராய்ந்து, இன்னும் இது வேண்டுமா என்று கேட்பார் பத்தாண்டுகளில் ஒருவரும் இலர். ஒரு பொருளை நாடோறும் பார்ப்பவன் அதனைக் காண்பதில்லை. ஆதலாலே மேற்பார்வை செய்வார் கூட்டத்தில் புறத்தேயிருந்து வருபவர் சிலரேனும் இருத்தல் வேண்டும்.

8. சட்டத்தின் நீண்ட வழி

இங்கிலாந்தில் 1774-ஆம் ஆண்டிலேயே மனநோயர் இல்லங்களைப் பற்றிய சட்டம் ஒன்று இருந்தது. அது இலாபத்தின் பொருட்டு நடத்தப்பட்ட தனியார் இல்லங்களையே தழுவியது. யார்க்கும் பெத்லெமும் அதற்குப் புறம்பாயின. தருமத்துக்காக நடைபெறும் இடத்திற்குக் காவல் எதற்கு என்பதே அக்காலத்தார் எண்ணம் போலும். இவ்வெண்ணம் இன்றும் நம்மிடையே உயிரோடிருக்கின்றது.

1815-இல் பார்லிமெண்டின் கீழ்ச்சபையார் நியமித்த விசாரணைக் குழு இவ்விரு சாலைகளின் செய்தியையும் நாடறியச் செய்தது. அதன் பயனாகக் கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் 1816, 1817, 1819 ஆகிய மூன்றாண்டுகளிலும் பிரபுக்கள் சபையிலே தோல்வியுற்றன. 1828-இல் ஒரு சட்டமும், 1845-இல் அதனினும் விரிந்த சட்டமும் பிறந்தன. பின்னது நாடு முழுதும் சென்று பார்க்கும் நிலையான ஆணையாளரை ஏற்படுத்திற்று. பின்னர் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு எனப்பட்ட ஆஷ்லி பிரபு அவர்கட்குத் தலைவராகி, 1885-இல் தாம் இறக்குமளவும் அப்பணியை விடாது செய்தார். நோயாளரைக் கட்டிவைத்தாலும் தனியறையில் அடைத்தாலும் அதனை ஏட்டில் எழுதிவைத்தல் கடமையாயிற்று. பெத்லெம் அப்பொழுதும் விலக்குப் பெற்று, 1853-இலேயே இம்மேற்பார்வைக்குட்பட்டது. ஹன்னா மில்ஸ் இறந்த ஆண்டிலிருந்து 1845 வரை 55 ஆண்டுகள் சென்றன என்பதை எண்ணிப் பார்க்க.

9. நம் நாட்டுச் செய்தி

இவையெல்லாம் பழங்காலத்து மேனாட்டுச் செய்தி என்று ஆறுதல் கொள்ள நமக்கு உரிமையில்லை. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியிலுள்ள தர்காவுக்கு மனநோயுற்றோரை அவர்தம் குடும்பத்தார் நெடுங்காலமாக அழைத்து வருகின்றனர். நோயாளரை வைத்துப் பராமரிப்பதாகத் தனியார் சிலர் அங்கே இல்லங்களை நடத்திவந்தனர். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள் வைகறையில், அத்தகைய ஓர் இல்லத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்பமாட்டாது 28 பேர் மாண்டனர்.

அப்பொழுது சட்டம் இல்லாமலில்லை. 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993 முதல் நடைமுறையில் இருந்தது. இத்தகைய இல்லங்கள் உரிமம் பெறவேண்டும் என்று அது விதித்தது. வழிப்போக்கரும் அச்சங்கிலிகளைக் கண்டிருந்தனர். யார்க்கில் கதவு பூட்டியிருந்தது; ஏர்வாடியிலோ பூட்டவேண்டிய தேவையே இருக்கவில்லை. இதுவே மிகுந்த வருத்தத்துக்குரியது.

தீக்குப் பின்னர் உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அரசினர் அவ்வூரிலிருந்த அத்தகைய இல்லங்களை மூடி, அங்கிருந்தோரைத் தம் பொறுப்பில் ஏற்றனர். பின்னர்த் தர்காவுக்கு வருவோர் வழிபாட்டை விடாமலே மருந்தும் பெறத்தக்க ஏற்பாடும் அவ்வூரிற் செய்யப்பட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையாலும் சங்கிலியிடுதலைத் தடுத்துள்ளது. இல்லங்கள் பதிவு பெறுதலையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை தணிக்கைக்கு உட்படுதலையும் விதித்துள்ளது.

குடும்பத்தாரை மட்டும் பழித்தல் நீதியன்று. நோயாளியை அழைத்துச் செல்ல அண்மையில் வேறு இடமில்லாதார், இடங் கொடுப்பவர் எவராயினும் அவரை நம்பியே விடுவர். ஆதலின் மேற்பார்வை என்பது குற்றங் கண்டு கதவை மூடுதலோடு அமையாது. மூடிய கதவுக்கு ஈடாகத் திறந்த கதவொன்று உண்டா என்று பார்ப்பதும் அதன் கடமையே. நல்ல இல்லத்தை நடத்துவோர் பலர் குறைந்த பணத்தோடும் குறைந்த ஆட்களோடும் அல்லலுறுகின்றனர். அவர்கட்கு மேற்பார்வையாளர் பகைவரல்லர். அவர்தம் குறையை வெளியே எடுத்துச் சொல்லும் துணைவர்.

10. நமக்குரிய பாடம்

இதுகாறுங் கூறியவற்றிலிருந்து மேற்பார்வைக்குரிய விதிகள் சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, பார்ப்பவர் சொல்லாமற் செல்லவேண்டும். இரண்டாவது, எல்லாக் கதவுகளையும் திறக்கும் உரிமை அவர்க்கு இருத்தல் வேண்டும். திறவுகோல் அகப்படாத அறையையே முதலிற் பார்த்தல் நன்று. மூன்றாவது, உள்ளிருப்போரிடம் பணியாட்கள் இல்லாத வேளையில் தனியே பேசவேண்டும். நான்காவது, வந்தவர், இருப்பவர், சென்றவர், இறந்தவர் ஆகியோரின் எண்ணை ஒத்துப் பார்த்தல் வேண்டும். ஐந்தாவது, அவ்விடத்தால் ஊதியம் பெறுபவர் அதன் மேற்பார்வையாளராய் இருத்தலாகாது. ஆறாவது, கண்டதை எழுதி வெளியிடவேண்டும். ஏழாவது, எழுதிய குறை திருந்தியதா என்று மறுபடியும் செல்லவேண்டும். இவ்வேழாவது இல்லையேல் முன்னைய ஆறும் பயனிலவாம்.

மாணாக்கராகிய நமக்கு அதிகாரம் ஏதும் இல்லையே என்பார் உளர். டியூக் தேயிலை வணிகர். சாலையின் உள்ளே நிகழ்வது பிறர் காரியம் என்று ஹிக்கின்ஸும் வாளா இருந்திருக்கலாம். ஏழை விக்கர்ஸின் மனைவிக்கோ யாதோர் அதிகாரமும் இல்லை. ஆயினும் அவள் சென்று சொல்லியிராவிடின் அக்கதவு திறந்திராது.

நம் போன்ற கல்லூரிகளின் மாணாக்கர் கிறிஸ்துமஸ் காலத்தில் முதியோர் இல்லத்துக்கும் வைத்தியசாலைக்கும் சென்று, பாடல் பாடி, பழமும் துணியும் வழங்கி வருதல் வழக்கம். அது நற்செயலே. ஆயினும் பண்டிகை நாளிற் செல்வோர் பண்டிகை நாளின் இல்லத்தையே காண்பர். அன்று தரை கழுவப்பட்டிருக்கும், விரிப்புகள் புதியனவாயிருக்கும், உள்ளிருப்போர் வரிசையாய் அமர்ந்திருப்பர். யாதொரு சிறப்புமில்லாத ஒரு ஜூலை மாதத்துப் புதன்கிழமையில், கையில் ஒன்றுமில்லாமல், ஒருவர் பெயரைச் சொல்லி, "அவரைப் பார்க்க வந்தோம்" என்று சென்று நிற்போமாக. சென்ற முறை கண்ட முதியவர் இம்முறை இல்லையேல், அவர் எங்கே என்று கேட்போமாக. யார்க் நகரத்தில் ஹன்னா மில்ஸுக்காக நண்பர் சபையார் கேட்டதும் இவ்வளவே. கேட்டவர்க்கு அன்று கதவு திறக்கவில்லை. எனினும் அவர்கள் கேட்டதன் பயனாகவே ஆறாண்டுகட்குப்பின் வேறொரு வீட்டின் கதவு திறந்தது.

சமாரியன் திரும்பி வந்தானா என்பதைக் கதை கூறவில்லை. அதனை நிறைவேற்றும் பொறுப்பு நம்மிடம் விடப்பட்டுள்ளது.